மாசி மகத்தன்று சட்டையைக் கழற்ற மறுத்த பையன்

கேள்வி: நாங்கள் கடலூர் முதுநகரில் வசிக்கிறோம். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கணவர் நெய்வேலிக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போய் வருகிறார். மூத்த மகனுக்கு 13 வயது முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஒல்லியான உடம்பு. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் மற்ற பிள்ளைகள் எல்லாம் கடலில் இறங்கிக் குளிக்க, இவன் மட்டும் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு கவனித்தால், கத்திரி வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டிருக்கிறான். பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்கப் போனால் டேப்பை மார்பில் வைக்க விடவில்லை. ஒரு நாள் பொறுமை இழந்து, என் நாத்தனார் எதிரிலேயே சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். இடது மார்க்காம்புக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவில் கட்டியாக இருக்கிறது. வலப்பக்கமும் லேசாக இருக்கிறது. தொட்டதும் வலியில் கத்திவிட்டான். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பிராய்லர் கோழி தின்றதால் வந்தது என்கிறார் நாத்தனார். பெண்ணாக மாறுகிறானோ என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். மருந்துக் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். எனக்கோ, புற்றுநோயாக இருக்குமோ என்று பயம். கபடிக்குப் போவதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறான், எதற்கெடுத்தாலும் கோபம், ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூக்கம். கணவரிடம் சொன்னால், "வயசுக் கோளாறு, விடு" என்கிறார். அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்குமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில், இந்த இடத்தில், தொட்டால் வலிக்கும்படி, காம்புக்கு நேர் கீழே வட்டமாகத் திரண்டிருக்கும் கட்டி புற்றுநோயாக இருப்பதற்கான வாய்ப்பு மிக மிக அரிது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பருவமடையும் ஆண் பிள்ளைகளுக்கு வரும் தற்காலிக மார்பக வீக்கம் என்றே தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் முடிவாகச் சொல்லக் கூடாது என்பதால், ஒரு முறை குழந்தைநல மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். ஆனால் இன்றிரவே ஓட வேண்டிய அவசரம் இல்லை.

பருவமடையும் ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வீக்கம் வருகிறது. பெரும்பாலும் 13, 14 வயதில் வரும். சிலருக்கு ஒரு பக்கம் மட்டும், சிலருக்கு இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் இருக்கும். உங்கள் மகனின் வகுப்பில் இருபது பையன்கள் இருந்தால் அவர்களில் பலர் இதே கவலையை ஆளுக்கொரு சட்டைக்குள் தனித்தனியாக மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தனக்கு மட்டுமே வந்திருக்கிறது என்று ஒவ்வொருவனும் நம்புகிறான். புதுச்சேரியில் என்னிடம் வரும் பையன்கள் பெரும்பாலும் இதற்காக வந்ததாகச் சொல்வதில்லை. இருமல், வயிற்று வலி என்று ஏதோ சொல்லி வருவார்கள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கக் கை நீட்டினால் தோளைக் குறுக்கி முன்னால் வளைவார்கள். அந்த வளைவைப் பார்த்தவுடனேயே விஷயம் எனக்குப் புரிந்துவிடும்.

இது ஏன் வருகிறது என்பதை நீங்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அவனுக்கு எடுத்துச் சொல்லப் போவது நீங்கள்தான். ஆண்களுக்கு ஆண் ஹார்மோன், பெண்களுக்குப் பெண் ஹார்மோன் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், உண்மையில் இருவர் உடலிலும் இரண்டும் உண்டு, அளவுதான் வேறு. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, பருவமடையும் காலத்தில், முதலில் இரவு உறக்கத்தின்போதுதான் விரைகளைத் தூண்டத் தொடங்குகிறது. அங்கே உருவாகும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனில் ஒரு பகுதி, கொழுப்புத் திசு முதலான இடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறுகிறது. தொடக்க காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சீக்கிரமே உயர்ந்துவிட, டெஸ்டோஸ்டிரோன் பின்தங்கி மெல்ல ஏறி வருகிறது. இந்த இடைவெளியில், எல்லா ஆண்களுக்கும் காம்புக்குப் பின்னால் பிறவியிலேயே இருக்கும் சிறிதளவு மார்பகத் திசு தூண்டப்பட்டுப் பருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் உரிய அளவை எட்டிய பிறகு, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் வீக்கம் தானாகவே வடிந்துவிடும்.

இந்த வீக்கத்தை நீங்கள் இதற்கு முன்பே அவனிடம் பார்த்திருக்கவும் கூடும். பிறந்த சில நாட்களில் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற வேறுபாடு இல்லாமல் பல பச்சிளம் குழந்தைகளுக்கு மார்பு வீங்கி, சிலருக்குத் துளிப் பால்கூடக் கசியும். தாயின் ஹார்மோன் குழந்தையின் உடலில் மிச்சம் இருப்பதால் வருவது அது. நம் பக்கத்தில் குளிப்பாட்டும் பாட்டிமார் அதைப் பிதுக்கி எடுப்பதை ஒரு கடமையாகவே வைத்திருக்கிறார்கள். அதனால் சீழ் கட்டி வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அன்று பிதுக்கக் கூடாது என்று நாங்கள் சொன்ன அதே காரணத்துக்காக இன்றும் அழுத்தக் கூடாது, உருவிவிடக் கூடாது, துணி சுற்றி இறுக்கக் கூடாது. கடையில் கொடுத்த களிம்பால் இந்தத் திசு கரையாது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் தோல் மெலிந்துபோகும். நிறுத்திவிடுங்கள்.

பிராய்லர் கோழியின் மீது பழி போடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அந்தக் கோழி வேகமாக வளர்வதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகச் செய்த இனத்தேர்வும் தீவனமும்தான். ஆண்களுக்கு வரும் மார்பக வீக்கத்தைப் பற்றிக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவரே எழுதியிருக்கிறார். அன்று பிராய்லர் கோழி ஏது? வாரம் ஒரு நாள் வீட்டில் கோழிக் குழம்பு வைத்தால் தாராளமாக வையுங்கள், வளர்கிற பிள்ளைக்குப் புரதம் தேவை.

பக்கத்து வீட்டுக் கேள்விக்கும் நேரடியாகவே பதில் சொல்கிறேன். இந்த வீக்கத்தால் எந்தப் பையனும் பெண்ணாக மாறுவதில்லை. அவனுடைய குரலையும் முக ரோமத்தையும் உயரத்தையும் கொண்டுவரப் போகிற அதே மாற்றத்தின் ஒரு கிளைதான் இது. தன்னைத் திருநங்கையாக உணர்வது என்பது மனத்துக்குள் எழும் அடையாளம் பற்றியது. காம்புக்குக் கீழே இருக்கும் திசுவுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அந்தச் சொல்லை ஒரு வசை போல அவன் காதில் விழவைப்பது அவனுக்கும் அநீதி, திருநங்கையருக்கும் அநீதி.

அடுத்து, நாத்தனார் எதிரில் சட்டையைத் தூக்கிய விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதைக் கடிதத்தில் மறைக்காமல் எழுதியதே உங்கள் மனம் உறுத்துகிறது என்பதைக் காட்டுகிறது. எனவே கடிந்துகொள்ளும் நோக்கம் எனக்கு இல்லை. ஆனால் உங்கள் மகனின் கோபத்தை "வயசுக் கோளாறு" என்று உங்கள் கணவர் பொதுவாக ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். இந்தக் கோபத்துக்கு ஒரு குறிப்பான காரணம் இருக்கிறது. நான்கைந்து மாதமாக, யாரிடமும் சொல்ல முடியாமல், இரண்டு பனியனுக்குள் வியர்த்துக்கொண்டு, தன் உடல் தனக்கு ஏதோ துரோகம் செய்துவிட்டதாக நினைத்து ஒரு குழந்தை காத்துவந்த ரகசியம், அத்தை முன்னிலையில் ஒரு நொடியில் அவிழ்ந்துவிட்டது. வலியைவிட அந்த அவமானம் பெரியது. ஆகவே சிகிச்சை மருத்துவமனையில் தொடங்காது. நீங்கள் அவனிடம் மன்னிப்புக் கேட்பதில்தான் தொடங்கும்.

எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். இந்த வயதுப் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்துக் கண்ணைப் பார்த்துப் பேசினால் வாயே திறக்க மாட்டார்கள். இரண்டு பேரும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும் நேரமே நல்லது. நீங்கள் மிஷினில் தைத்துக்கொண்டிருக்கும்போது அவன் அருகில் இருந்தால் போதும். "தம்பி, அன்னைக்கு அத்தை எதிர்ல நான் செஞ்சது தப்பு. இனிமே உன்னைக் கேக்காம உன் உடம்பத் தொட மாட்டேன். உனக்கு வந்திருக்கிறது நோயா இருக்காதுன்னு டாக்டர் எழுதியிருக்காரு. பாதிப் பசங்களுக்கு வருமாம், தானாப் போயிடுமாம்" என்ற அளவில் சொல்லிவிட்டு, தையலைத் தொடருங்கள். உடனே பதிலை எதிர்பார்க்க வேண்டாம். அவன் "சரி" என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போகலாம். காதில் விழுந்தால் போதும். விரும்பினால் இந்தப் பக்கத்தையே கிழித்து அவன் மேசைமீது வைத்துவிடுங்கள், இரவில் எடுத்துப் படிப்பான்.

பெண் பிள்ளை பூப்பெய்தினால் நாம் மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, தாய்மாமன் சீர்வரிசையோடு தெருவுக்கே அறிவிக்கிறோம். அந்தப் பெண் அதை விரும்புகிறாளா என்பது வேறு வழக்கு. ஆண் பிள்ளைக்கு நடப்பதை மட்டும் அவனிடமே சொல்வதில்லை. குரல் உடையும்போது கேலி செய்கிறோம், மீசை அரும்பும்போது கிண்டல் செய்கிறோம், மற்றவற்றைப் பற்றி வாயே திறப்பதில்லை. குரல் உடைவதற்குத் தமிழில் மகரக்கட்டு என்று தனிச் சொல்லே இருக்கிறது. சிறுவர்களை வைத்து நடத்தப்பட்ட பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பெண் வேடம் போட்டுப் பாடிய பையனுக்கு மகரக்கட்டு வந்துவிட்டால் வேடம் போய்விடும். அதனால் அந்த மாற்றத்தை அவர்கள் கண்ணும் கருத்துமாகக் கவனித்தார்கள். அப்படிச் சிறுவர்களுக்கு நாடகம் கற்றுத்தந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் இறந்தது எங்கள் புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. பிழைப்புக்காக அவர்கள் கவனித்ததைப் பிள்ளைக்காக நாம் கவனிக்கக் கூடாதா என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இங்கேதான் உங்கள் கணவரின் பங்கு வருகிறது. ஷிஃப்ட் முடிந்து களைத்து வருகிறவர்தான். ஆனாலும் சில விஷயங்களைத் தாயைவிடத் தகப்பன் சொன்னால் பையனுக்கு எளிது. அவரிடம் தனியாக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அவருக்கு அந்த வயதில் மார்பு வலித்ததா? பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, மறந்திருப்பார். எனக்கு வலித்தது. எட்டாம் வகுப்பு முழுவதும் புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்தபடி நடந்தேன். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் வரிசையில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்ன அன்று, காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டுக்கு ஓடினேன். என் அப்பா ஒரே ஒரு முறை, "எனக்கும் இருந்துச்சுடா" என்று சொல்லியிருந்தால் அந்த ஓராண்டு எனக்கு வேறு மாதிரி கழிந்திருக்கும்.

பேச்சு அந்த அளவுக்கு வந்துவிட்டால், உறக்கத்தில் விந்து வெளியேறுவது பற்றியும் தகப்பனாரே சொல்லிவிடுவது நல்லது. அது இயல்பானது, அதனால் உடல் மெலியாது, ஞாபக சக்தி குறையாது, ரத்தம் வற்றாது. ஒரு துளி விந்து நாற்பது துளி ரத்தம் என்ற பழைய கணக்கை வைத்துக்கொண்டு பிழைக்கும் லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரத்தைப் பேருந்து நிலையத்துக் கழிப்பறைச் சுவரில் அவன் படிப்பதற்கு முன்னால் வீட்டில் கேட்டுவிட வேண்டும். இந்தப் பயத்தால் சோர்ந்து, தூக்கம் கெட்டு வரும் இளைஞர்கள் நம் நாட்டில் அத்தனை பேர் இருந்ததால்தான், மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் அதற்குத் தாது நோய்க்குறி என்று தனிப் பெயரே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம். உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இந்த வயதில் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரப்பதால், பத்து மணிக்குப் படுத்தாலும் தூக்கம் வராது. தேவையோ 8 முதல் 10 மணி நேரம். வாரம் முழுவதும் காலை ஆறு மணிக்கு எழுந்து டியூஷனுக்கு ஓடுகிறவன் ஞாயிறன்று கடனை அடைக்கிறான். ஒன்பது மணிவரை விடுங்கள். இரவில் கைபேசியைப் படுக்கைக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள், நீங்களும் வையுங்கள். கதவைச் சாத்திக்கொள்வதையும் அனுமதிக்கலாம், தட்டிவிட்டு உள்ளே போகும் பழக்கம் இருந்தால் தாழ்ப்பாள் போடும் தேவை அவனுக்குக் குறையும்.

மருத்துவரிடம் என்ன நடக்கும் என்பதை அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனையிலேயே காட்டலாம். உங்களுக்குப் பழக்கமான குழந்தைநல மருத்துவர் இருந்தால் அவரே போதும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பின் இரு பக்கமும் மெல்லப் பிடித்துப் பார்ப்பார். உண்மையான மார்பகத் திசு என்றால் ரப்பர் வில்லை போல நழுவும். வெறும் கொழுப்பு என்றால் அந்த வில்லை தட்டுப்படாது. பருவமடைதல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும், விரைகளில் கட்டி ஏதும் இல்லை என்பதையும் பார்ப்பார். அதற்கு அவனுடைய சம்மதத்தைக் கேட்பார், கேட்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் அறைக்குள் இருப்பதா, வெளியே இருப்பதா, அப்பா உடனிருப்பதா என்பதை அவனே முடிவு செய்யட்டும். பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் தேவைப்படாது. காளான் தொற்றுக்கும் மனநலத்துக்கும் தரும் சில மாத்திரைகளும் மார்பைப் பெருக்கச் செய்யும் என்பதால், அவன் எந்த மாத்திரையாவது, உடற்பயிற்சிக் கூடத்துப் பவுடராவது, நாட்டு மருந்தாவது எடுக்கிறானா என்று கேட்பார். மருந்துக் கடையில் கொடுத்த களிம்பு உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

ஒரு சில அறிகுறிகள் இருந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. காம்பில் நீரோ ரத்தமோ கசிவது, கட்டி கல் போலக் கெட்டியாகி அசையாமல் ஒட்டியிருப்பது, மேல்தோல் சுருங்குவது, வாரத்துக்கு வாரம் வேகமாகப் பெருப்பது, விரையில் கட்டி தென்படுவது ஆகியவை அவை. குரலோ உயரமோ மாறாமல், பருவமடைதலின் வேறு எந்த அடையாளமும் தொடங்காமல் மார்பு மட்டும் பெருத்தாலும் காட்டியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை.

அறுவை சிகிச்சையை இப்போது பேச வேண்டியதே இல்லை. இரண்டு ஆண்டுக்கு மேலாகியும் வடியாமல், அவன் மனத்தைத் தொடர்ந்து வாட்டினால், பருவ வளர்ச்சி ஏறக்குறைய முடிந்த பிறகு யோசிக்கலாம். ஒரே நாளில் வீடு திரும்பலாம், தழும்பே தெரியாது என்று கைபேசியில் வரும் விளம்பரங்கள் பதின்மூன்று வயதுப் பையனைத்தான் குறிவைக்கின்றன. வடிந்துபோகக்கூடிய ஒன்றை வெட்டி எடுக்கக் கடன் வாங்கிய பெற்றோரை எனக்குத் தெரியும்.

கபடிக்கு ஏன் போவதில்லை என்பதை மட்டும் கொஞ்சம் துருவிப் பாருங்கள். இடிபட்டால் வலிக்கும் என்பதாலோ, பையன்கள் மார்பைக் கிள்ளுகிறார்கள் என்பதாலோ இருக்கலாம். பள்ளிகளில் இது நடக்கிறது, விளையாட்டு என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். அப்படி இருந்தால் வகுப்பாசிரியரைத் தனியே பார்த்து, காரணத்தை விவரிக்காமல், "என் பையன் உடம்பில் கை வைக்கிறார்கள்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லுங்கள். சாப்பாடு குறைந்து, பள்ளிக்கே போக மறுத்து, வாழ்க்கை வெறுத்ததாகப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, அதைக் கோபம் என்று கடந்துவிடாதீர்கள்; உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.

மீதி உங்கள் கைத்தொழிலில் இருக்கிறது. சீருடைக்கு அவன் உடம்பில் டேப் வைக்க வேண்டாம். சென்ற ஆண்டுச் சட்டையை விரித்து அளந்து, மார்பில் வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் தளர்வு விடுங்கள். எப்படியும் இந்த வயதில் ஓர் ஆண்டில் எட்டொன்பது சென்டிமீட்டர் வளர்ந்துவிடுவான் என்பதால் துணி வீணாகாது. வலி அதிகமாக இருப்பது இடப்பக்கம்; சட்டைப் பையும் அங்கேதான். பேனாவைச் செருகினால் குத்தும் என்பதால் பேனாவைப் புத்தகப் பைக்கு மாற்றச் சொல்லுங்கள். முதுகுப் பையின் வார் மார்பில் உரசாதபடி தோளோடு ஒட்டிச் சுருக்கிக் கொடுங்கள். இறுக்கமான இரண்டு பனியனுக்குப் பதிலாகச் சற்றுக் கனமான ஒரே பருத்திப் பனியன் போதும். அடுத்த மாசி மகத்துக்குள், நனைந்தாலும் உடம்போடு ஒட்டாத கெட்டித் துணியில் அடர்நீல நிறச் சட்டை ஒன்றும் தைத்து வைத்துவிடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்குவதும், கழற்றிவிட்டு இறங்குவதும் அவன் பாடு.